தாரும் கரைப்பானும்

மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, அணுவைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் தேர்ந்தது தார். கண்டியிலிருந்து பேராதனைக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் செல்வோர் அனைவரும் நாள்தோறும் மிதித்துச் செல்லும் பொருள் அது. எவரும் குனிந்து பாராத பொருளும் அதுவே.

என் தந்தையார் கடுகண்ணாவைப் பகுதியில் வீதி வேலை செய்தவர். மாலையில் மண்ணெண்ணெய் தோய்த்த துணியினால் கைகளைத் துடைப்பார். தாரின் பெரும்பகுதி பழுப்பு நிறமாய்க் கரைந்து போகும். நகக்கண்களிலும் ரேகைகளிலும் மட்டும் ஒரு கருமை எஞ்சி நிற்கும். "எண்ணெய் போய்விடும், கரி போகாது" என்பார். இரசாயனம் கல்லாத அவர் கூற்றில் பெரும்பகுதி உண்மையே என்பதைப் பிற்காலத்தில் ஆய்வுகூடத்தில் கண்டு வியந்தேன்.

வீதிக்கு இடும் தார் நிலக்கரியிலிருந்து வந்த பழைய தார் அன்று. மசகெண்ணெயை வடித்தபின் அடியில் எஞ்சும் நிலக்கீல் ஆகும். அதனுள் மிகக் கனத்த பகுதியொன்று உண்டு. 1837ஆம் ஆண்டில் பூசிங்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர் அதற்கு அஸ்பால்ற்றீன் எனப் பெயரிட்டார். அது கரி அன்று. பல காபன் வளையங்கள் ஒட்டித் தட்டையாய் அமைந்து, ஓரங்களில் ஐதரோகாபன் சங்கிலிகள் தொங்கும் மூலக்கூறுகளின் கூட்டம் அது. கந்தகம், நைதரசன், சிறிதளவு வனேடியம், நிக்கல் ஆகியனவும் அதில் அடங்கும். இம்மூலக்கூறுகளின் நிறை பல்லாயிரம் என ஒரு காலத்தில் எழுதினர். இன்று பெரும்பாலானவை 500க்கும் 1000க்கும் இடைப்பட்டவை எனக் கொள்கின்றனர். அவை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி ஒட்டிக்கொள்ளும் இயல்பே முந்தைய அளவீடுகளை மயக்கியது.

இதில் விந்தை யாதெனில், அஸ்பால்ற்றீன் என்பது ஒரு தனிச் சேர்வையின் பெயரே அன்று. ஹெப்தேனில் கரையாமலும் தொலுயீனில் கரைந்தும் நிற்பது எதுவோ அதுவே அஸ்பால்ற்றீன். கரைப்பானே அதற்கு வரைவிலக்கணம் கூறுகிறது! ஹெப்தேனுக்குப் பதிலாகப் பென்தேனை ஊற்றினால் வீழ்படிவு கூடும். புரொப்பேனாயின் பிசின்களும் சேர்ந்து இறங்கிவிடும். சங்கிலி குறுகக் குறுகக் கரைக்கும் ஆற்றலும் குறைகிறது. உராய்வுநீக்கி எண்ணெய் செய்யும் ஆலைகள் புரொப்பேனைக் கொண்டு தாரைப் பிரித்தெடுப்பது இவ்வியல்பைப் பயன்படுத்தியே.

எண்ணெயினுள் இருக்கும் பிசின்களும் வளையச் சேர்வைகளும் அஸ்பால்ற்றீனைச் சூழ்ந்து தாங்கி நிற்கின்றன. மெல்லிய பரபின் எண்ணெயை மிகுதியாய் ஊற்றினால் அச்சூழல் வறிதாகிறது. தட்டுகள் ஒன்றையொன்று பற்றித் துணிக்கைகளாகி, துணிக்கைகள் திரண்டு அடியில் வீழ்கின்றன. ஐதாக்கினால் கரையும் என்பது நம் அன்றாட அனுபவம். இங்கோ ஐதாக்குதலே வீழ்த்துகிறது.

ஆகவே அஸ்பால்ற்றீன் மிகுந்த எண்ணெய்தான் தொல்லை தரும் என எண்ணுவதும் பொருந்தாது. வெனிசுவேலாவின் பொஸ்கான் எண்ணெயில் அது நூற்றுக்குப் பதினேழு பங்களவில் இருந்தும் பெருந்தொல்லை இல்லை. அல்ஜீரியாவின் ஹாசி மெசவுத் எண்ணெயில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் அங்கு கிணற்றுக் குழாய்கள் அடைபட்டன. அளவன்று, அதைத் தாங்கும் எண்ணெயின் தன்மையே காரியம்.

இது நமக்குத் தொலைவான சங்கதி அன்று. 1969இல் தொழிற்படத் தொடங்கிய சபுகஸ்கந்தை சுத்திகரிப்பாலை ஈரானின் இலேசான மசகெண்ணெயை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. 2012இல் ஈரான் மீதான தடைகள் இறுகியபோது வேறு எண்ணெய்களைத் தேட நேர்ந்தது. 2021 நவம்பரில் டொலர் இன்மையால் ஆலையே மூடப்பட்டது. 2022 மே மாதத்தில் ருசிய எண்ணெய் வந்தது. கிடைத்ததை வாங்கும் நாட்டில், தனித்தனியே தெளிவான இரு எண்ணெய்களை ஒரே தாங்கியில் கலக்கலாமா என்பது வெறும் பாடப்புத்தக வினா அன்று. பொருந்தாத கலவை வெப்பக் குழாய்களின் உட்புறத்தில் கருமையாய்ப் படியும். எரிபொருளும் பணமும் வீணாகும். இதனை முன்னறியும் சோதனையோ மிக எளிது. கலவையில் ஒரு துளியை வடிதாளில் இடுவர். சீரான பழுப்பு வட்டமாய்ப் பரவினால் நன்று. நடுவே கரிய வளையம் தோன்றினால் கலக்கலாகாது.

நம் மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில், நெருப்பில்லாத இடத்தில், புகைபோக்கிப் பெட்டியினுள் இதனைச் செய்து பார்க்கலாம். கடுகளவு தாரை ஒரு சோதனைக் குழாயில் தொலுயீனிலும், மற்றொன்றில் நாற்பது மடங்கு ஹெப்தேனிலும் இட்டு நன்கு குலுக்குக. முன்னது ஒரே கருநிறக் கரைசலாகும். பின்னதில் கபிலத் துகள்கள் இறங்கும். மேலுள்ள நீர்மத்தை வடித்துவிட்டுத் தொலுயீனை வார்த்தால் அவை மீண்டும் கரையும். ஹெப்தேனைச் சற்றுக் குறைத்து ஊற்றிய மூன்றாவது குழாயொன்றையும் வைத்துக்கொள்வது நலம். அது அன்று தெளிவாகவே தோன்றலாம். இறுக மூடித் தேதியெழுதி வைத்து, சில வாரங்கள் கழித்து அதன் அடியைப் பார்க்க வேண்டும்.