ரேஸ் ஏறுது, வண்டி ஏறலை

கோவில்பட்டியிலிருந்து இளையரசனேந்தல் வருகிற ரோட்டில் ரயில்வே சுரங்கப்பாதை ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து வண்டிகளின் கிளச் கோளாறு அதிலிருந்து ஏறுகிற மேட்டில்தான் முதலில் வெளியே வரும். சமதளத்தில் மெதுவாகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. ஆள் ஏற்றிக்கொண்டு மேட்டில் மிதிக்கும்போது எஞ்சின் அலறும், வண்டி ஊரும். தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெண்களைக் கூட்டிப்போகிற ஆம்னி வேன்காரர் எங்கள் பட்டறைக்கு வந்து சொன்னதும் அதையேதான்.

"அண்ணாச்சி, ரேஸ் கொடுத்தா சத்தம் மட்டும் ஏறுது. வண்டி போவ மாட்டேங்கு."

அண்ணாச்சி ஸ்பேனரை எடுக்கவில்லை. "காலியா போனாலும் இப்படியா, ஆள் ஏத்துனா மட்டுமா? கருகுன வாடை வருதா? பிளேட்டு எப்ப மாத்துனீக?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வண்டியைத் திறக்காமல் பேசிக்கொண்டிருப்பது எனக்குப் புரியவில்லை. அந்தக் கேள்விகளில்தான் பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பது பிற்பாடு விளங்கியது.

வண்டி போகவில்லை என்று வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. எஞ்சினே ரேஸ் ஆகவில்லை என்றால் மூச்சு முட்டுகிறது என்று பொருள். எங்கள் ஊரில் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்போம். கோடையில் கரிசல் புழுதி மாவு மாதிரி அடைத்திருக்கும். டீசல் வண்டி என்றால் டீசல் ஃபில்டர். கொஞ்சதூரம் ஓட்டிவிட்டு ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் எஞ்சின் தாராளமாக ரேஸ் ஆகி, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் எஞ்சின் நன்றாக இருக்கிறது. அது கொடுக்கிற பலம் சக்கரத்துக்குப் போகிற வழியில் எங்கோ நழுவுகிறது. ஆம்னியில் ஆர்.பி.எம். முள் கிடையாது, காதால்தான் இதைப் பிரிக்க வேண்டும்.

"பெடலை அமுக்கிப் பாருடே" என்றார். கையால் அமுக்கினால் முதலில் சும்மா இறங்குகிற தூரம் கொஞ்சம் இருக்கணும். அந்த ஃபிரீ பிளே இல்லையென்றால் கேபிள் இழுத்துக்கொண்டே இருக்கும், பிரஷர் பிளேட் முழுசாக அழுத்தாது. பல வண்டிகளில் கேபிளின் நட்டைச் சரிசெய்வதோடு கோளாறு தீர்ந்துவிடும், கியர்பாக்ஸை இறக்கவே வேண்டாம். இந்த வேனில் பெடல் சரியாக இருந்தது.

அடுத்து டாப் கியர் சோதனை. சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நாலாவது கியர் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்து கிளச்சை விட வேண்டும். கிளச் நல்லபடியாக இருந்தால் எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடும். இது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி உடனே சாவியைத் திருப்பி அணைத்தார். இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கிற பிளேட்டும் கருகிவிடும்.

சில மாதம் முன்னால்தான் வேறொரு இடத்தில் புதுப் பிளேட் போட்டதாக வேன்காரர் சொன்னார். "பழைய பிளேட்டைக் கையில காட்டுனாங்களா?" என்று கேட்டார் அண்ணாச்சி. காட்டவில்லையாம்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, கியர்பாக்ஸை இறக்கினோம். பெல் ஹவுசிங்கில் உலர்ந்த கறுப்புப் பொடி மட்டும் இருந்தால் தேய்மானம். இங்கே அந்தப் பொடி ஈரமாக, சேறுபோல் ஒட்டியிருந்தது. அண்ணாச்சி அதை விரலில் தொட்டு என் மூக்கருகே நீட்டினார். கியர் ஆயிலுக்குக் கந்தகம் கலந்த காட்டமான வாடை உண்டு, அந்த வாடை இதில் இல்லை. எஞ்சின் ஆயில். அப்படியானால் ஒழுக்கு கியர்பாக்ஸ் பக்கத்து சீலில் இல்லை, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீலில். பிளேட்டில் லைனிங் தாராளமாக இருந்தது, ரிவெட்டுகள் ஆழத்திலேயே இருந்தன. ஆனால் லைனிங் முகம் கண்ணாடிபோல் வழவழத்திருந்தது. முன்பு பிளேட்டை மாற்றியவர்கள் சீலைப் பார்க்கவே இல்லை.

எனக்கு இன்றும் கோபம் வருகிற இடம் இது. பிளேட் போய்விட்டது என்று கண்டுபிடிப்பது வேலையில் பாதிதான். ஏன் போனது என்று பார்க்காமல் புதுசு போடுவது, தினக்கூலிக்கு ஓட்டுகிறவரின் காசைத் தண்ணீரில் போடுவது. எங்கள் பக்கம் காரணம் பெரும்பாலும் மண்தான். ஐப்பசி மழையில் கரிசல் பாதையில் சக்கரம் புதைந்தால் பாதி கிளச்சில் வைத்து முறுக்கி எடுப்பார்கள். ஒரு சாயங்காலத்தில் பிளேட் கருகிவிடும். சிலர் ஓடும்போதே பெடல்மேல் கால் வைத்திருப்பார்கள், செருப்பின் கட்டைவிரல் பக்கத் தேய்மானத்தைப் பார்த்தே அண்ணாச்சி சொல்லிவிடுவார்.

ஆயில் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போடச் சொல்வார்கள். சூடேறியதும் உள்ளே ஊறிய ஆயில் மறுபடி மேலே வரும், அதனால் நாங்கள் போடுவதில்லை. சீலை மாற்றி, ஃபிளைவீலை எமரித்தாளால் தேய்த்துத் துடைத்தோம். பொடியை ஏர் அடித்து ஊதக் கூடாது, ஈரத் துணியால் எடுக்க வேண்டும். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. புதுப் பிளேட்டை ஆயில் கையால் தொடாமல், டம்மி ஷாஃப்ட்டில் நடு பார்த்து வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சங்கொஞ்சமாக முறுக்கினோம். சாயங்காலம் சுரங்கப்பாதை மேட்டில் மூன்றாவது கியரில் மிதித்துப் பார்த்தார் வேன்காரர். சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறின.

பட்டறை வாசலில் டி.என். 72-உம் நிற்கும், 69-உம் நிற்கும். எங்கள் இளையரசனேந்தல் பிர்கா 2008-இல் நெல்லை மாவட்டத்திலிருந்து தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போனதன் அடையாளம் அது. இப்போது அந்த வரிசையில் கிளச் பெடலே இல்லாத ஏ.எம்.டி. கார்களும் வருகின்றன. 2014-இல் மாருதி செலேரியோவில் வந்த ஏற்பாடு. உள்ளே அதே பிளேட்தான், காலுக்குப் பதில் ஆக்சுவேட்டர் அமுக்குகிறது. கையால் அமுக்கிப் பார்க்கப் பெடல் இல்லாததால் ஸ்கேனரைச் செருகிப் படிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஸ்கேனரை எடுப்பதற்கு முன்னால், காலியாகப் போனாலும் இப்படியா, ஆள் ஏற்றினால் மட்டுமா என்று கேட்டுவிடுகிறேன்.