பிள்ளை பெத்த வீட்டுச் சுறா வறை



போன மாதம் எங்கள் வீட்டில் தங்கச்சிக்குப் பிள்ளை கிடைத்தது. உம்மா மூன்று நாளாகச் சுறா வறை ஆக்கினா. பால் ஊறுவதற்கு. காத்தான்குடி, ஏறாவூர் என்றில்லை, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலும் இதுதான் வழக்கம். பால் சுறா என்று ஓர் இனத்துக்குப் பேரே வைத்திருக்கிறோம். ஆங்கிலத்திலும் அதற்கு அதே கருத்தில்தான் பேர்.

ஆனால் சட்டியில் இருந்தது பால் சுறா இல்லை. அது வளர்ந்தாலும் ஒரு மீற்றர் அளவுதான். வாப்பா கொண்டு வந்தது பெரிய சுறா ஒன்றின் துண்டு.

அதே கிழமை வகுப்பில் உணவுச் சங்கிலி படித்துக்கொண்டிருந்தோம். ஒரு பிள்ளை கேட்டது: "அப்ப டீச்சர், கடைசியில இருக்கிற சுறாவுக்குள்ள எவ்வளவு சேரும்?"

சேருவது இரசம். பாதரசம் என்றால் எல்லோருக்கும் விளங்கும். எங்கட கடலில் பெக்டரி இல்லையே என்று பலர் சொல்கிறார்கள். தேவையில்லை. நிலக்கரிப் புகையிலும், தங்கம் பிரித்தெடுக்கும் இடங்களிலும் கிளம்பும் இரசம் காற்றோடு எத்தனையோ நாடு தாண்டிப் போய் மழையோடு கடலில் இறங்கும். ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் ஆழ்கடலிலும் உள்ள பக்றீரியாக்கள் அதை மெதைல் இரசமாக மாற்றும். அது நுண்ணுயிரில் ஏறி, அதைத் தின்னும் சூடையில், சூடையைத் தின்னும் சூரையில், கடைசியில் சுறாவில் சேர்கிறது. ஏறுவது கெதியாக, இறங்குவது மெதுவாக. சுறா நீண்ட நாள் வாழ்வது. ஆகவே ஒரே கடலில் ஒரே இனத்தில்கூட, வயது கூடிய பெரிய சுறாவில்தான் பொதுவாக அதிகம். ஆழத்தில் இரை தேடும் இனங்களிலும் கூடும்.

ஐரோப்பாவில் சுறாவுக்கு அனுமதித்த எல்லை கிலோவுக்கு 1 மில்லிகிராம். சாளை, நெத்தலி மாதிரிச் சின்ன மீனுக்கு 0.3. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சுறாவைத் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். கழுவினாலும், புளி போட்டு அவித்தாலும் போகாது, தசையின் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. கருவாட்டில் நீர் வற்றுவதால் நிறைக்கு நிறை இன்னும் கூடும்.

வீட்டில் சொன்னோம். "உங்க எல்லாரையும் இதத் திண்டுதானே வளத்தன்" என்றா உம்மா. அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. "கடல் மீன் ஹலால்தானே" என்றார் வாப்பா. ஹலால்தான், அதில் பேச்சில்லை.

எங்களைத் தூங்க விடாதது வேறு. தம்பிட பெண்சாதி ஐந்து மாதம். மூன்று நாளும் தங்கச்சியோடு இருந்து அதே வறையைத்தான் தின்றா. இரசம் முதலில் தாக்குவது வயிற்றில் வளரும் பிள்ளையின் மூளையை. அவவைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. மூன்று நாளில் ஒன்றும் ஆகிவிடாது, உடம்பில் சேர்ந்ததில் பாதி ஏறக்குறைய ஐம்பது நாளில் வெளியேறிவிடும் என்று அவவிடம் சொன்னோம். ஆனால் தங்கச்சிக்கு நாற்பது முடியும் வரை இதே சட்டிதான் அடுப்பில் ஏறியிருக்கும்.

இப்போது திரளியில் வறை, முருங்கை இலைச் சுண்டல், நிறைய உள்ளி. பால் குறையவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நேற்று வாசலுக்கு மீன்காரர் வந்தார். உம்மா கேட்டா, "இந்தச் சுறா முழுசா எவ்வளவு பெரிசு?"

"வெட்டித் துண்டாத்தானே வந்த லாத்தா, எனக்கெப்படித் தெரியும்?"

உம்மா கீரி மீன் அரைக்கிலோ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தா.