தேயிலைத் தோட்டமும் பாராளுமன்றமும்

நம் கொச்சித் துறைமுகத்தில் தேயிலை ஏலம் தொடங்கிய ஆண்டு 1947. அதே ஆண்டில் இலங்கையில் தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரரான தமிழர் ஒருவர் நுவரெலியா தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்தார். அவரே சௌமியமூர்த்தி தொண்டைமான்.

1913-இல், இன்றைய சிவகங்கை மாவட்டப் பகுதியிலுள்ள முனப்புதூரில் பிறந்தவர் அவர். தந்தையார் கருப்பையா பிழைப்பு நாடி இலங்கை சென்று, தோட்டத்தில் உழைத்துக் கங்காணியாகி, முடிவில் இறம்பொடையிலுள்ள வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். சிறுவயதில் கடல் கடந்து சென்ற மகன் கம்பளையில் கல்வி கற்று, பின்னர்த் தோட்ட நிர்வாகத்தை மேற்கொண்டார். 1939-இல் நேரு இலங்கை வந்தபோது தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவரைப் பொது வாழ்வுக்கு ஈர்த்தது. தோட்ட முதலாளியே தொழிலாளர் தலைவரானதைப் பலர் எள்ளி நகையாடினர். அந்த நகைப்பில் சிறிது நியாயமும் உண்டு என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் கூலிக்காரரின் குரலைக் கொழும்பில் ஒலிக்கச் செய்ய அன்று வசதியும் துணிவும் ஒருங்கே படைத்தவர் எத்தனை பேர் இருந்தனர்?

மறு ஆண்டே இடி விழுந்தது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழர் ஏறக்குறைய 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1949-இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952 தேர்தலில் தொண்டைமானுக்கு வாக்களிக்க வேண்டிய மக்களின் பெயர் பட்டியலிலேயே இல்லை. கொழும்பில் சத்தியாக்கிரகம் செய்தும் பயன் விளையவில்லை. தோட்டம் கையிலிருந்தது, பாராளுமன்ற ஆசனம் போயிற்று.

1960-இல் அவர் நியமன உறுப்பினராக மீண்டும் சபைக்கு வந்தார். எனினும் 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு ஒத்திவைக்கப்பட்டது. மிளகு மூட்டையைக்கூட மாதிரி பார்த்துத்தான் பங்கிடுவர் நம் வணிகர். இம்மக்களையோ ஒரு வார்த்தை கேட்டாரில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுள் சிலர் நம் கேரளத்துப் புனலூர் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர்.

1977-இல் மக்கள் வாக்கால் மீண்டும் வென்ற தொண்டைமான் 1978-இல் அமைச்சரானார். பின் வந்த அரசுகளிலும் அப்பொறுப்பு அவரிடம் இருந்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவருட் பெரும்பாலோருக்குக் குடியுரிமை அளித்தது. எஞ்சியோருக்கு அது 2003-இல் கிட்டியது. அதனைக் காண அவர் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான அதே அக்டோபர் 30-இல், 1999-ஆம் ஆண்டு, அவர் மறைந்தார்.

மட்டாஞ்சேரிக் கடைவீதியில், "வணிகனுக்கு அரசியல் எதற்கு?" என்று அண்ணாச்சிமார் சொல்வதை நாம் பலகாலும் கேட்டிருக்கிறோம். தொண்டைமானைப்போல் அமைச்சராகும்படி நாம் யாரையும் வேண்டவில்லை. கடல் கடவாமல் இங்கு வந்த நமக்குக் குடியுரிமைக் கவலை இல்லை. 1950-இல் அரசியல் சட்டமே அதனைத் தந்துவிட்டது. ஆனால் இங்குக் குடியிருந்து, வாடகையும் வரியும் செலுத்தும் நம் குடும்பங்கள் பலவற்றின் பெயர் வாக்காளர் பட்டியலில் இன்னும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலேயே கிடக்கிறது. தேர்தலன்று கடையை மூடி ஊர் செல்ல இயலாமல் அவ்வாக்கு வீணாகிறது. குழாயில் நீர் வராதபோதும், சாக்கடை அடைத்துக்கொண்டபோதும் நகராட்சி உறுப்பினரிடம் சென்றால், அவர் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். குடியிருப்பு மாறியவர் 8-ஆம் எண் படிவத்தையும், புதிதாகச் சேர்பவர் 6-ஆம் எண் படிவத்தையும் நிரப்பித் தருதல் வேண்டும். இரண்டு ஊர்களில் பெயர் வைத்திருத்தல் குற்றம் என்பதையும் அன்பர்கள் மறத்தலாகாது. பெண்மக்களின் பெயரையும் உடன் சேர்த்தல் நன்று. படிவம் நிரப்பும்போது அவர்களை விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே மிகுதி.