வரப்பில் முறிந்த மரை

நீங்க பாஜா டீம்ல இருந்தா, இன்னைக்கே உங்க வண்டியோட முன் சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு ஒருதடவை பாருங்க.

பாஜா எஸ்ஏஇ இந்தியா போட்டியில் 4 மணி நேர எண்டியூரன்ஸ் ஓட்டம் உண்டு. அதற்கான பயிற்சியில், சூலூர் பக்கம் ஒரு காட்டில் எங்க வண்டி வரப்பிலிருந்து இறங்கியது. முன் இடது சக்கரம் மடிந்து, வண்டி மூக்கைக் குத்தி நின்றது. ஓட்டியவன் என் ரூம்மேட். பெல்ட்தான் காப்பாற்றியது.

உடைந்தது, கீழ் ஏ-ஆர்ம் நுனியில் நான் மாட்டிய ராட் எண்ட். மரை அடியோடு முறிந்திருந்தது. "இன்னும் பெரிய சைஸ் போட்டிருக்கணும்ணா" என்றேன். கணபதியில் லேத் வைத்திருக்கும் அண்ணன் துண்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இழுத்தாத் தாங்கும், தள்ளுனாத் தாங்கும். வளைச்சா மரை எப்புடிக் கண்ணு தாங்கும்?"

என் கணக்கில் நேர்கோட்டு விசை மட்டுமே இருந்தது. ஷாக் அப்சார்பர் கீழ் ஆர்மில் இருப்பதால், சக்கரம் வாங்கும் அடி அந்த மரையை வளைத்துக்கொண்டே இருக்கும். விரிசல் மரையின் பள்ளத்தில்தான் தொடங்கும்.

இந்த முறை ஆர்ம் நுனியில் வளையம் வெல்ட் செய்து, லேத்தில் குடைந்து, ஸ்ஃபெரிக்கல் பேரிங்கை அழுத்தி, சர்க்ளிப் மாட்டினோம். திருகி கேம்பர் மாற்றும் வசதி போச்சு. போகட்டும்.

முதல் ஓட்டத்துக்கு ரூம்மேட் ஹெல்மெட்டை எடுத்தான். "இல்ல மாப்ள, கணக்குப் போட்டது நானு" என்று வாங்கிக்கிட்டேன்.

அதே வரப்பு. இறங்கி நின்னப்புறமும் கை நடுங்குச்சு. சக்கரம் நேரா நின்னுச்சு.