கேஸ் என்னும் ஆகுபெயர்

தில்லியின் மே மாத வெயிலில், குளிரூட்டி இயங்காத வாடகைக் காரில் ஏறப் பயணிகள் தயங்குவர். காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையை ஒட்டிய சந்து ஒன்றின் பட்டறைக்கு வந்த ஓட்டுநர் கேட்டது ஒன்றுதான்: “உஸ்தாத், கேஸ் நிரப்பிக் கொடுங்கள்.” முந்தைய இரு கோடைகளிலும் வேறு பட்டறைகளில் அவர் அதையே கேட்டிருந்தார், அவர்களும் கேட்டதைச் செய்திருந்தனர். கசிவு எங்கே என்று எவரும் தேடவில்லை. இம்முறை கம்ப்ரசர் இறுகி நின்றுவிட்டது.

கார் குளிரூட்டியின் பராமரிப்பு முழுவதற்கும் இந்தியிலும் தமிழிலும் பேச்சில் வழங்குவது ‘கேஸ் நிரப்புதல்’ என்னும் தொடரே. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகிவருவதைச் சினையாகுபெயர் என்கிறது இலக்கணம். ‘தலைக்கு நூறு ரூபாய்’ என்றால் எவரும் தலையை மட்டும் எண்ணுவதில்லை. ‘கேஸ்’ என்னும்போதோ பலரும் வாயுவோடு நின்றுவிடுகின்றனர்.

அவ்வாயுவோடு எண்ணெயும் சுற்றுகிறது. கம்ப்ரசரின் உள்ளுறுப்புகளைத் தேய்மானத்திலிருந்து காப்பது அதுவே. என்ஜினுக்கு இருப்பதுபோல் எண்ணெய் மட்டம் பார்க்கும் கோல் இங்கில்லை. கசிவு ஏற்பட்டால் வாயுவோடு எண்ணெயும் சிறிது சிறிதாக வெளியேறும். இணைப்புகளில் படியும் பிசுபிசுப்பே அதற்குச் சாட்சி. வாயுவை மட்டும் நிரப்பினால் குளிர் திரும்பும், எண்ணெய் திரும்பாது. பழைய வாயுவை இயந்திரத்தால் வெளியேற்றும்போது அதன் குப்பியில் எவ்வளவு எண்ணெய் சேர்ந்ததோ, அவ்வளவு புதிய எண்ணெயைச் சேர்ப்பதே முறை.

மிகையும் கேடே. கூடுதல் எண்ணெய் உட்சுவர்களில் படிந்து வெப்பப் பரிமாற்றத்தைக் கெடுக்கும். வகை மாறுவதும் கேடே. பழைய ஆர்-12 வாயு கனிம எண்ணெயோடு கலந்தோடியது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் அதன் இடத்திற்கு வந்த ஆர்-134ஏ, கனிம எண்ணெயோடு கலப்பதில்லை. அதற்குப் ‘பேக்’ என்னும் செயற்கை எண்ணெய் வேண்டும். காற்றின் ஈரத்தை அது விரைந்து உறிஞ்சும். குப்பியைத் திறந்து வைக்கலாகாது.

உஸ்தாத் பழைய கம்ப்ரசரை அளவுக் குவளையின் மேல் கவிழ்த்தார். உலோகத் துகள் கலந்த கரிய எண்ணெய் அடியில் சிறிதே தேங்கியது. துகள்கள் கண்டன்சர் வரை பரவியிருந்தன. அதையும் மாற்ற வேண்டும் என்றார். கார்க் கடனின் தவணை நாளை மனத்துள் எண்ணிய ஓட்டுநர், “இரண்டு முறை கேஸ் நிரப்பினேனே!” என்றார்.

“கேஸ் நிரப்பினார்கள். எண்ணெயை நீங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.”

மறுநாள் மாலை கார் குளிர்ந்தது. ரசீதில் ‘கேஸ்’ என்னும் வரியின் கீழே எண்ணெயின் வகையும் சேர்த்த மில்லிலிட்டர் அளவும் தனி வரியாக எழுதப்பட்டிருந்தன. “அடுத்த முறை எந்தப் பட்டறைக்குப் போனாலும் இந்த வரியைக் காட்டிக் கேளுங்கள்” என்றார் உஸ்தாத்.