நான் சொன்ன நேரம்

எங்கள் தெருவில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிற கதை ஒன்று உண்டு. பாம்பு கடித்த சிறுமியைக் கொட்டும் மழையில் காரில் ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தவர் இவர் என்று, புதிதாகக் குடிவருகிறவர்களிடம்கூடச் சொல்வார்கள். குடியிருப்போர் நலச்சங்கத்தில் சால்வை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன். மழை பெய்தது உண்மை. காரை ஓட்டியது நான்தான். சிறுமி பிழைத்ததும் உண்மை. ஆனால் அவளைக் கடித்த பாம்புக்கு அவள் தலைமாட்டில் இடம் செய்து கொடுத்தவன் நான். முதல் தடவை கதவைத் தட்டியபோது திருப்பி அனுப்பியவன் நான். டாக்டரிடம் நேரத்தை மாற்றிச் சொன்னவனும் நான். நெடுநாள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, ஏரிக்கரையை ஒட்டி எங்கள் மனைகள். முன்பு அது ஆயக்கட்டு நிலம். மதகு இன்னும் இருக்கிறது, பாய்வதற்கு வயல்தான் குறைந்துவிட்டது. வயல் போனாலும் எலி போகவில்லை. எலி இருக்கிற இடத்தில் பாம்பும் இருக்கும். மனை வாங்கும்போதே தரகர் இதை மறைக்காமல் சொன்னார். அது எனக்கு உறைக்கவில்லை.

என் பயமெல்லாம் முதலை மேல் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, வண்டலூரை அடுத்த நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை இரவில் கடந்துபோன வீடியோ எல்லோருடைய போனுக்கும் வந்தது. எனக்கும் வந்தது. வந்த வேகத்தில் அனுப்பவும் செய்தேன். சென்னையைச் சுற்றியுள்ள சில நீர்நிலைகளில் முதலைகள் இருப்பது புதிதல்ல, அவை கூச்சமுள்ளவை, மனிதரை விட்டு விலகியே போகும் என்று வனத்துறைச் செயலர் சுப்ரியா சாஹு அப்போதே விளக்கம் சொன்னார். அதைப் படித்தும் என் மனம் அடங்கவில்லை. 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை வடநெம்மேலியில், எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே மதில் இடிந்தால் என்ன ஆகும், ஏரி உடைந்து நெடுங்குன்றத்து முதலை இந்தப் பக்கம் வந்தால் என்ன ஆகும் என்று மனைவியிடம் புலம்பிக்கொண்டே இருந்தேன். அந்தத் தை மாதமே சுற்றுச்சுவரை உயர்த்தினேன். கேட்டுக்கு அடியில் இடைவெளி இல்லாதபடி இரும்புத் தகடு அடித்தேன். ஜன்னலுக்கெல்லாம் வலை, வாசலில் இரவு முழுக்க எரியும் விளக்கு.

சுவருக்கு அந்தப் பக்கம், என்னுடைய அடுத்த மனையில், ஒரு கீற்றுக் கொட்டாய் இருந்தது. அதில் வாட்ச்மேன் குடும்பம். விழுப்புரம் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்தவர்கள். என் வீடு முடிந்த பிறகு, இரண்டாவது மனையில் எப்போதாவது கட்டுவேன் என்பதால் அவர்களை அங்கேயே இருக்கச் சொல்லியிருந்தேன். அம்மா, அப்பா, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள். மூன்று பேரும் மண் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். ஒரே ஒரு பல்பு. அதையும் பத்து மணிக்கு மேல் அணைக்கச் சொல்லியிருந்தேன், கரண்ட் பில் என் மீட்டரில் ஏறுகிறது என்பதற்காக.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு, எங்கள் போர்ட்டிகோவில் ஒரு நல்ல பாம்பு வந்து செருப்பு அடுக்குக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு பாம்பு பிடிப்பவரை வரவழைத்தோம். இருளர். நடுத்தர வயது. பாம்பைப் பைக்குள் விட்டு முடிச்சுப் போட்டதும் அவர் கிளம்பவில்லை. மனையை ஒரு சுற்று சுற்றி வந்தார். என் வீட்டுப் பின்புறம் மிச்சமாகிப்போன செங்கல் அடுக்கின் முன் குந்தி, இடுக்குகளை வெகுநேரம் பார்த்தார்.

“இத மொதல்ல இங்கருந்து எடுத்துடுங்க சார். கட்டுவிரியன் தங்குற எடம். அது ராத்திரி வண்டி. எலியத் தேடி, ஓணானத் தேடி வரும். கொட்டாயில இருக்கறவங்கள தரையில படுக்க வேணாம்னு சொல்லுங்க. கட்டில் இல்லாட்டி கொசுவலையாவது போட்டு, பாய்க்கு அடியில நல்லா சொருகிக்கச் சொல்லுங்க.”

இந்தக் கடற்கரையில் பாம்பைப் பற்றி இருளர் சொல்வதற்கு மேல் யாரும் சொல்லிவிட முடியாது. தோலுக்காகப் பாம்பு பிடிப்பது சட்டத்தால் நின்ற பிறகு, 1978-இல் அவர்கள் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் பிடித்து, மண்பானைகளில் சில வாரம் வைத்து, நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து மறுபடி காட்டில் விடுகிறார்கள். நாடு முழுவதும் போகும் பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு அங்கிருந்து போகிறது. 2017-இல் இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அலிகேட்டர்கள் வாழும் சதுப்பு நிலங்களில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ளவர்களால் கண்டுபிடிக்க முடியாமல் திணறியபோது, இவர்கள் தடம் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும்; பத்திரிகையில் படித்தவன்தான். அப்படிப்பட்ட அறிவு என் வாசலில் நின்று, கேட்காமலே எனக்கு வழி சொன்னது.

நான் பாதியைக் கேட்டேன். செங்கல்லை எடுக்கச் சொன்னேன். எங்கே? விற்க மனமில்லை, அடுத்த வீட்டுக்கு ஆகும். சுவருக்கு அந்தப் பக்கம், கொட்டாய்க்குப் பின்னால் அடுக்கச் சொன்னேன். வாட்ச்மேனே தலையில் சுமந்து போய் அடுக்கினார். கட்டில் கேட்டார். “பார்க்கலாம்” என்றேன். கட்டில், ஃபேன் என்று வசதி செய்து கொடுத்தால் நிரந்தரமாகத் தங்கிவிடுவார்கள், பிறகு மனையைக் காலி செய்வது கஷ்டம் என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். அந்த நண்பர்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்திருந்ததால்தான் அந்தப் பேச்சு மனசில் தங்கியது. கொசுவலையைப் பற்றி நான் அவரிடம் பேசவே இல்லை. மறந்தேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. வலையைப் பற்றிச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் செங்கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

மழை தொடங்கிய பிறகு ஓர் இரவு, ஒன்றரை மணி சுமாருக்குக் கதவு தட்டும் சத்தம். மனைவி அன்று மகள் வீட்டில். கதவைத் திறந்தேன். வாட்ச்மேன் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். “வயித்த வலின்னு துடிக்குது சார். தூக்கத்துல கால்ல என்னமோ சுருக்குன்னுச்சாம்.” டார்ச் அடித்துக் காலைப் பார்த்தேன். வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை, பல் பட்ட தடம் எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. “பூச்சி கீச்சி கடிச்சிருக்கும்” என்று சொல்லி, ஓமத்திரவம் எடுத்துக் கொடுத்து, விடிந்ததும் பார்ப்போம் என்றேன். நூற்றெட்டுக்கு போன் பண்ணட்டுமா என்று கேட்டார். இந்த மழையில் எப்போது வரும், பொறு என்றேன்.

கட்டுவிரியன் கடி அப்படித்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தூங்குகிறவரைக் கடிக்கும், வலி இருக்காது, வீங்காது, தடம்கூடச் சில நேரம் தெரியாது, முதலில் வயிற்று வலியாகவே வரும். படித்திருந்தேன். கதவைச் சாத்திய பிறகு கட்டிலில் படுத்துக்கொண்டு அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகவில்லை. மழையில் வண்டி ஓட்டப் பயம் என்பது ஒரு காரணம். அது சின்னக் காரணம். பாம்பு என்று நான் வாய் திறந்து ஒப்புக்கொண்டால் அந்தச் செங்கல் அடுக்கு என்னுடையதாகிவிடும். பூச்சியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கிடந்தேன். அந்தப் பிள்ளைக்காக வேண்டியதைவிட எனக்காக வேண்டியது அதிகம்.

விடியற்காலையில் அம்மா அலறும் சத்தம் கேட்டது. ஓடினேன். சிறுமியால் கண் இமையைத் தூக்க முடியவில்லை. பேச்சு குழறியது. எச்சிலை விழுங்க முடியாமல் வாய் ஓரம் வழிந்தது. அதற்குப் பிறகுதான் தெரு சொல்லும் கதை தொடங்குகிறது. காரை எடுத்தேன், தண்ணீர் நின்ற சாலையில் நிறுத்தாமல் போனேன், செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அவசரப் பிரிவில் இளம் பெண் டாக்டர் ஒருவர் கேட்டார்: “எத்தனை மணிக்குக் கடிச்சது?”

வாட்ச்மேன் வாயைத் திறந்தார். அவருக்கு முந்தி நான், “இப்பதான் மேடம், அஞ்சு மணிக்கு” என்றேன்.

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டார்.

கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனைகளைச் சிதைக்கிறது. சிதையும் முன் மருந்து போனால்தான் முழுப்பலன். சிதைந்த பிறகு அவை மறுபடி வளரும்வரை நோயாளி மூச்சு இயந்திரத்தில் கிடக்க வேண்டியதுதான். அதனால்தான் நேரத்தைக் கேட்கிறார்கள். டாக்டர் என் பேச்சை மட்டும் நம்பாமல் அவள் கண்ணையும் மூச்சையும் பார்த்து, உடனே மருந்து ஏற்றி வென்டிலேட்டரில் போட்டார். அவள் பிழைத்தது அவருடைய தேர்ச்சியால். நான் திருப்பி அனுப்பாமல் இருந்திருந்தால் தொண்டையில் குழாய் இல்லாமலேகூட அவள் எழுந்து வந்திருக்கலாம். வென்டிலேட்டர் அறைக்கு வெளியே சிமென்ட் பெஞ்சில் அவளுடைய அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். டீ வாங்கிக் கொடுத்தேன். “நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும் சார்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கையை நான் விலக்கிக்கொள்ளவில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் பன்னிரண்டு லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், ஆண்டுக்கு ஐம்பத்தெட்டாயிரம். பெரும்பாலானவர்கள் கிராமத்தார், வயலிலும் தரையிலும் இருப்பவர்கள். நேபாளத்துத் தென்பகுதியில் நடந்த ஓர் ஆய்வு, கொசுவலைக்குள் தூங்குகிறவர்களுக்குக் கடி வெகுவாகக் குறைவதைக் காட்டியது. இருளர் எனக்குச் சொன்னதும் அதுவே. 2024 நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எங்கே, யாரை, எப்போது என்று கணக்கு சரியாக இருந்தால்தான் மருந்தை எங்கே சேமித்து வைப்பது என்று தெரியும். கடித்த நேரமும் அந்தக் கணக்கில் சேரும். ஓர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஒரு சிறுமியின் பெயருக்கு நேரே ஐந்து மணி என்று இருக்கிறது. கடித்தது ஒன்றரைக்கு முன்பு. அந்தப் பொய்யை அங்கே எழுத வைத்தது நான்.

அவள் வீடு திரும்பிய பிறகு செங்கல்லை லாரி வைத்து அப்புறப்படுத்தினேன். அடியில் பாம்பு எதுவும் இல்லை, சட்டை மட்டும் கிடந்தது. சிமென்ட் தளம் போட்டு ஒரு அறை கட்டினேன், கட்டில் வாங்கிப் போட்டேன். அதையும் தெரு என் தர்மக் கணக்கில் எழுதிக்கொண்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போன அந்தக் குடும்பம் சாமான்களையும் எடுத்துக்கொண்டு போனது. போகும்முன் வாட்ச்மேனைத் தனியே அழைத்து, பாம்பு பிடிப்பவர் என்னிடம் சொன்னதைச் சொன்னேன்.

“தெரியும் சார். அவர் சொல்றப்ப நான் பின்னாடிதான நின்னேன்.”

“பின்ன ஏன் அந்தச் செங்கல்ல சுமந்த?”

“நீங்க சொன்னீங்க.”

ஆஸ்பத்திரியில் நான் பொய் சொன்னபோது ஏன் பேசாமல் இருந்தார் என்றும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அங்க நான் உங்கள எதிர்த்துப் பேசி, நீங்க கோவிச்சிக்கிட்டுக் கெளம்பிட்டா, வேற ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்கன்னா காருக்கு எங்க சார் போவேன்?”

மகள் காலன் வாயில் கிடக்கும்போது அவர் என் கோபத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார். இதை எழுத என்னைத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

எங்கள் தெருக்கோடி மனையில் இப்போது அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். கொட்டாய் போட்டாயிற்று, சித்தாள் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்திருக்கின்றன, பக்கத்திலேயே செங்கல்லும் ஜல்லியும் இறங்கியிருக்கின்றன. மனைக்காரர் சென்னையில் இருக்கிறார். ஏரி பக்கம் ஆயிற்றே, முதலை வருமா சார் என்று போனில் கேட்டார். முதலையை விடுங்கள் என்று சொல்லி, செங்கல் அடுக்கிலிருந்து டாக்டரிடம் சொன்ன நேரம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் செங்கல்லைக் கொட்டாயிலிருந்து தள்ளி அடுக்கச் சொல்லுங்கள், ராத்திரி பல்பு எரியட்டும், எல்லோருக்கும் கட்டிலும் வலையும் வேண்டும் என்றேன். கட்டில் திருப்போரூரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். நாளைக் காலை நானே கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.