கோணல்மாணலாகப் பூசினால்தான் ஒரிஜினல்!

1964 ஏப்ரல் 17-ம் தேதி அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங் காரை அறிமுகம் செய்தது. முதல் ஆண்டிலேயே 4 லட்சத்துக்கும் மேல் விற்பனை. டியர்பார்ன், சான் ஹோசே, மெட்டச்சன் என மூன்று தொழிற்சாலைகளில் கார்கள் தயாராகின.

அன்றைய அவசரம் இன்றும் அந்த கார்களில் தெரியும். பளபளக்கும் பானெட்டில் அல்ல. இரண்டு தகடுகள் சேரும் இடுக்குகளில்!

மஸ்டாங்கின் பாடி, பல தகடுகளைப் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்து உருவாக்கியது. புள்ளிகளுக்கு நடுவே தண்ணீர் நுழையாமலிருக்க, சீலர் என்கிற பசையை வைத்து அடைப்பார்கள். கார் நகர்ந்துகொண்டே இருக்கும். ஊழியர் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுப்பார், அவ்வளவுதான். ஓரிடத்தில் தடிமன், ஓரிடத்தில் மெல்லிசு, சில இடங்களில் விரல் தடம்கூட இருக்கும். அதன்மேல் பெயின்ட் ஏறிவிடும்.

சிக்கல் ஆரம்பிப்பது, இந்த காரைப் புதுப்பிக்கும்போதுதான். டிங்கரிங் பட்டறையில் கைத்திறன் மிக்க ஒருவர், அந்த இடுக்கையெல்லாம் நூல் பிடித்ததுபோல அழகாகப் பூசிவிடுவார். வாடிக்கையாளரும் மகிழ்ந்துபோவார். ஆனால், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே கார் இருக்கிறதா என்று பார்க்கும் போட்டிகளில், அந்த அழகே குறையாகிவிடும். அதனால், விஷயம் தெரிந்தவர்கள் பழைய சீலரைச் சுரண்டும் முன் ஒவ்வோர் இடுக்கையும் போட்டோ எடுத்துவிடுகிறார்கள். எதுவரை பூசியிருக்கிறது, எங்கே நிற்கிறது என்று அளந்தும் வைக்கிறார்கள். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை பழக்கம் மாறும் என்பதால், அதே தொழிற்சாலையில் தயாராகி, கைபடாமல் இருக்கும் இன்னொரு காரையும் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள்.

இது வெறும் தோற்றம் பற்றிய பிடிவாதம் அல்ல. மஸ்டாங்கில் முன்கண்ணாடிக்குக் கீழே, காற்று உள்ளே வர நீளத் துளைகள் இருக்கும். மழைநீரும் அதே வழியாகத்தான் இறங்கி, இரு பக்கமும் வழிந்து வெளியேற வேண்டும். உள்ளே காற்றுக்குழாயைச் சுற்றியுள்ள விளிம்பு, தேங்கிய இலையாலும் ஈரத்தாலும் துருப்பிடித்தால், தண்ணீர் நேராக ஓட்டுபவரின் காலடியில் சொட்டும். மேலே தகடு மூடியிருப்பதால் துரு கண்ணுக்குத் தெரியாது. கார்ப்பெட் நனையும்போதுதான் தெரியும். அதற்குள் தரைத்தகடும் அரித்திருக்கும்.

வெல்டிங் புள்ளிகளைத் துளையிட்டு மேல்தகட்டைக் கழற்றி, துருவை வெட்டி எடுத்து, பிரைமர் அடித்து, சீலர் வைத்து மீண்டும் பற்றவைப்பதுதான் சரியான வைத்தியம். செலவுக்கு பயந்து, சிலர் சிலிகானை அப்பி மூடிவிடுகிறார்கள். சிலிகான்மேல் பெயின்ட் ஒட்டாது. வினிகர் வாடை அடிக்கிற ரகம் என்றால் இரும்பையே அரிக்கும். ஆர்வக்கோளாறில் கதவின் அடியிலுள்ள வடிகால் துளையையும் சேர்த்து அடைத்துவிட்டால், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியே இல்லை.

எதை அடைத்தார்கள், எதைத் திறந்துவிட்டார்கள் என்பதற்கு அந்த ஊழியர்கள் விட்டுச்சென்ற ஒரே குறிப்பு, காய்ந்துபோன அந்தப் பசைதான். சுரண்டிவிட்டால் மறுபடி கிடைக்காது.

உங்கள் வீட்டிலும் தாத்தா ஓட்டிய பழைய கார் பட்டறைக்குப் போகிறதா? பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கும் முன், செல்போனில் நாலு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.